கப்பித்தானைத் தேடிப் போய் மிளகாய் சுற்றிய கதை

ஆக்லண்ட் விமான நிலையத்தில் முதலில் என் செருப்பைத்தான் பிடித்தார்கள். அதில் மண் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது, பாண்டிச்சேரி மண். ஓர் அதிகாரி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், தேய்த்துக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கொடுத்தார். சரி, செருப்போடு போகட்டும் என்று பார்த்தால், பையில் இருந்த கறிவேப்பிலைக் கொத்தையும் இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் போடுவதுபோலத் தொட்டியில் போட்டார். "சார், அது சாப்பிடற இலை" என்றேன். "அதனால்தான் மேடம்" என்றார் அந்த மனிதர், சிரித்த முகம் மாறாமல். என் வீட்டு மரத்துக் கறிவேப்பிலை அது. எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே அடுத்த விமானத்தில் ஏறித் திரும்பியிருப்பேன். ஆனால் வந்த வேலை அப்படிப்பட்டது.

வெளியே நிர்மலா காத்திருந்தாள். இலங்கையில் மன்னார்க்காரி. யுத்த காலத்தில் குடும்பத்தோடு பாண்டிச்சேரிக்கு வந்து எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். கனடா போக உதவும் என்று என்னிடம் பிரெஞ்சு படித்தாள். கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் நியூசிலாந்து. இப்போது ஆக்லண்டில் த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் வீடு, ஊரின் இன்னொரு கோடியில் பாட்டனி டவுன்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை, அன்ரன் என்று ஒரு பிளம்பர் புருஷன், அவன் வயதைவிட நீளமான மோர்ட்கேஜ்.

"என்னக்கா, ஈரச் செருப்போட நிக்கிறீங்கள்?"

"உங்க கவர்மென்ட் கழுவி விட்டுது, நிர்மலா."

காரை ஓட்டிக்கொண்டே அன்ரன் ஆரம்பித்தான். "எங்களைப் பாக்க வரச் சொல்லி எத்தினை வருசமாக் கேக்கிறம். அப்ப வராத ஆள், செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனைத் தேடி இவ்வளவு தூரம் வந்திட்டீங்கள்."

"அவன் செத்தது இங்க இல்லப்பா. பெரு நாட்டுல."

"பிறகேன் இஞ்ச வந்தனீங்கள்?"

நியாயமான கேள்வி. வாசகர்களும் அதையேதான் கேட்பீர்கள். ஆகையால் கப்பித்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கப்பித்தான் என்றால் கேப்டன். எங்கள் ஊர்ப் பழைய எழுத்துக்களில் அப்படித்தான் இருக்கும். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் உடனே அவர் சிலை மாதிரி விறைப்பாக நின்றுகொள்கிறார், கதை சொல்ல விடமாட்டேன் என்கிறார்.

பிரெஞ்சு நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவர். மூக்கு ஒழுகுகிற வயதிலேயே கப்பலில் ஏற்றிவிட்டார்கள். பாய்மரக் கப்பல்களின் காலம். நம்முடைய கடலில் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பீரங்கி வைத்து மாறி மாறிச் சுட்டுக்கொண்ட யுத்தங்களில் சண்டை போட்டார், காயம்பட்டார், இங்கிலீஷ்காரரிடம் கைதியானார், விடுபட்டு வந்து மறுபடியும் கப்பல் நடத்தினார். ராஜா கையால் பதக்கம் வாங்கினார். கடைசியில் இங்கிலீஷ்காரர்கள் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டுப் போன பாண்டிச்சேரியில், துரைமார்களுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கேயே காலை நீட்டிப் படுத்திருக்கலாம். மனுஷன் படுக்கவில்லை. தெற்குக் கடலில் பணம் கொழிக்கிற தீவு ஒன்றை இங்கிலீஷ்காரன் கண்டுபிடித்துவிட்டான் என்று ஒரு வதந்தி. அதை நம்பி, கப்பல் நிறையச் சரக்கு ஏற்றி, பாண்டிச்சேரியிலிருந்து கிளம்பிவிட்டார்.

தீவு கிடைக்கவில்லை. ஸ்கர்வி கிடைத்தது. பச்சைக் காய்கறி இல்லாமல் ஈறு வீங்கி, பல் ஆடி, எழுந்து நிற்க முடியாமல் சாகிற கப்பல் நோய் அது. ஆட்களைக் கடலில் போட்டுக்கொண்டே வந்து, இந்த நாட்டின் வடக்குக் கோடியில் ஒரு விரிகுடாவில் ஒதுங்கினார்கள். அங்கிருந்த மாவோரிச் சனங்கள் கீரையும் மீனும் கொடுத்தார்கள். புயலில் மாட்டிய நோயாளிகளை ஒரு தலைவர் தன் ஊரில் வைத்துச் சோறு போட்டார். புயல் ஓய்ந்ததும் கப்பித்தானுடைய படகு ஒன்று காணாமல் போனது. கரையில் ஒதுங்கிய அதை ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று அவருக்குக் கோபம். குடிசைகளைக் கொளுத்தினார். கண்ணில் பட்ட ஆளைப் பிடித்துக் கட்டிக் கப்பலில் ஏற்றினார். பிடிபட்டவர், சோறு போட்ட அதே தலைவர். கப்பல் கிளம்பிவிட்டது. தலைவர் நடுக்கடலில் செத்தார். சில வாரம் கழித்து, பெரு நாட்டுக் கரையில் உதவி கேட்கப் போன கப்பித்தானும், பதக்கமெல்லாம் மாட்டிக்கொண்டு சின்னப் படகில் ஏறி, அலை புரட்டிப்போட்டதில் மூழ்கிச் செத்தார். அந்தப் படகிலிருந்து நீந்திக் கரையேறியவன் எங்கள் பக்கத்து ஆள் என்கிறார்கள். அவனைத் தேடிப் போய்த்தான் நான் இந்தக் கதையிலேயே விழுந்தேன்.

பல வருஷமாக எழுதிவருகிற புத்தகம். எல்லாம் முடிந்துவிட்டது, தலைவர் வருகிற அத்தியாயம் மட்டும் நிற்கிறது. அவருடைய பரம்பரை இன்றைக்கும் இங்கே இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் அவர் பெயரையும் அவர் சாவையும் எழுத எனக்குக் கை வரவில்லை. கேட்காமல் அவரைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு தடவை போதும். "செத்துப்போனவர்கிட்ட யாராவது பர்மிஷன் கேப்பாங்களா மேடம்?" என்று சென்னையிலிருந்து பதிப்பாளர் தலையில் அடித்துக்கொள்கிறார். அடித்துக்கொள்ளட்டும். நிர்மலாவின் கடை மேனேஜர் ஹினே அந்தத் தலைவரின் வழியில் வந்தவர் என்று போனில் தெரிந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்: நேரில் போய், முகத்தைப் பார்த்துக் கேட்பது. அவர்கள் சரி என்றால் அத்தியாயம் உண்டு. இல்லை என்றால் புத்தகமே இல்லை. தலைவர் இல்லாத கப்பித்தான் கதை வெறும் பொய்.

ஹினே ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அதுவரை சும்மா உட்கார எனக்குத் தெரியாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய கப்பல் சாமான்களைக் காட்டும் மியூசியம் ஒன்று உண்டென்றார்கள். பஸ்ஸில் போகிறேன் என்று கிளம்பினேன். நிறுத்தத்தில் ஒழுங்காக நின்றேன். பஸ் வந்தது, என்னைப் பார்த்தது, போயே போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. பக்கத்தில் வந்து நின்ற ஒரு சீனத்துப் பெரியவர் பரிதாபப்பட்டு, கையை நீட்டிக் காட்டினார். கை காட்டினால்தான் நிற்குமாம். எங்கள் ஊரில் பஸ்தான் ஆளைத் தேடும். வீட்டு வாசலில் நிற்பவளைக்கூடக் கண்டக்டர் "விழுப்புரமா, ஏறு ஏறு" என்று இழுத்துப்போட்டுக்கொள்வார். இங்கே இறங்குகிறவர்கள் எல்லோரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். நானும் சொன்னேன். இரண்டு பஸ் விட்ட கோபத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மியூசியத்தில் ஒரு வெள்ளைத்தாடிப் பெரியவர் சுற்றிக் காட்டினார். பிரெஞ்சுக் கப்பித்தானைப் பற்றிக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "அவருடைய நங்கூரங்கள் இங்கே இல்லையே. புயலில் கயிற்றை வெட்டி விட்டுவிட்டு ஓடினார். பிற்பாடு கடலுக்கடியிலிருந்து எடுத்து வேறு ஊர்களில் வைத்திருக்கிறார்கள்" என்றார். அதே நாட்களில் பேர்பெற்ற இங்கிலீஷ் கப்பல்காரர் ஒருவரும் அதே கரையைச் சுற்றிவந்தாராம். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே கடந்துவிட்டார்களாம். இங்கிலீஷ்காரரைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நான் வந்தது பிரெஞ்சுக்காரருக்காக என்று நினைவூட்டினேன். "பாவம், அவர் தொலைந்துபோனவர்" என்று முடித்துவிட்டார். தொலைந்தது அவர் மட்டுமா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வெளியே வந்து மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிக் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். முதல் துண்டை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஒரு கடற்பறவை வந்து அதைக் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. எங்கள் ஊர்க் காக்கைக்கு இந்தத் தைரியம் கிடையாது. ஒரு "ச்சூ"வுக்காவது மரியாதை கொடுக்கும். அதற்குள் மழை. மழை நிற்பதற்குள் வெயில். குடையை விரிப்பதும் மடிப்பதுமாகவே அன்றைய பொழுது போனது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு நிர்மலா சமையலில் இறங்கினாள். நண்டுக் கறி, இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, கத்தரிக்காய் வெள்ளைக்கறி. ஹினே வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. நல்ல உயரம், அகலமான நெற்றி, தூக்கிக் கட்டிய கூந்தல். சிரித்தால் வீடே நிறைந்துவிடும். உருளைக்கிழங்கு சேர்த்துப் புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தார். செருப்பை வாசலில் விட்டார், கையைக் கழுவினார், கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையாலேயே நண்டை உடைத்தார். எனக்கு அந்த நிமிஷமே ஆளைப் பிடித்துவிட்டது.

ஹினே பேசியது ஆங்கிலம். இங்கே என் தமிழில் தருகிறேன்.

"உங்கள் மலை எது? உங்கள் தண்ணீர் எது?" என்றுதான் ஆரம்பித்தார். யார் என்று சொல்லும்போது அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்களாம். நான் திணறிப்போனேன். பாண்டிச்சேரியில் மலைக்கு எங்கே போவது? குப்பைமேடுதான் உண்டு. கடைசியில் செஞ்சி மலையை இழுத்துக்கொண்டேன். தண்ணீருக்குச் சங்கராபரணி ஆற்றைச் சொன்னேன், வங்கக் கடலைச் சொன்னேன். "கப்பல் கிளம்பிய கடலா?" என்றார். "ஆமா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு அவரே சொன்னார். "எங்கள் பக்கத்தில் கதை வேறு மாதிரி. கடல் கொண்டுவந்து ஒதுக்கியது, ஒதுங்கிய இடத்துக்காரருக்குச் சொந்தம். ஊர்க்காரர்களுக்கு அந்தப் படகு கடல் கொடுத்தது. உங்கள் கேப்டன் அதைத் திருட்டு என்றார்."

"என் கேப்டன் இல்லீங்க."

"நீங்கள்தானே அவருக்குப் புத்தகம் எழுதுகிறீர்கள்?"

அன்ரன் சிரிப்பை அடக்கச் சொதியைக் குடித்தான். நான் வந்த காரியத்தைச் சொன்னேன், அந்தக் கப்பலில் எங்கள் ஊர் ஆட்களும் இருந்ததைச் சொன்னேன். அந்த அத்தியாயத்தை எழுத உங்கள் ஆட்கள் சம்மதிப்பார்களா என்று நேராகவே கேட்டேன். ஹினே, வடக்கே தன் அம்மா இருப்பதாகவும், அவரிடமும் மற்றப் பெரியவர்களிடமும் பேச வேண்டும் என்றும் சொன்னார். முகத்தில் கடுப்பு இல்லை. பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று மனசுக்குள் குதித்தேன்.

சாப்பாடு முடிந்து பேச்சு குடும்பத்துப் பக்கம் திரும்பியது. அந்த வருஷம் அவருக்கு எதுவும் சரியாக அமையவில்லையாம். முழங்காலில் ஆபரேஷன். நிறுத்திவைத்த காரை யாரோ இடித்துவிட்டுப் போனார்கள். கார் ரிப்பேராகி வந்த வாரமே இன்னொருத்தர் இடித்தார். வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு களையான முகம், இவ்வளவு பெரிய சிரிப்பு. யார் கண் படாமல் இருக்கும்? இது கண்ணேறுதான், சந்தேகமே இல்லை.

நேரே அடுப்படிக்குப் போனேன். கல் உப்பு ஒரு பிடி, காய்ந்த மிளகாய் ஏழெட்டு. மூடிய கையோடு வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் பின்னால் நின்று, தலையைச் சுற்றினேன். நல்ல கண்ணும் கொள்ளிக் கண்ணும் எல்லாம் போகட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வலமாக மூன்று, இடமாக மூன்று.

"அக்கா! வேண்டாம்!" என்று நிர்மலா கத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு மிளகாய் விரல் இடுக்கில் நழுவி அவர் கூந்தலில் உட்கார்ந்திருந்தது.

ஹினே அந்த மிளகாயைத் தானே எடுத்து மேசையில் வைத்தார். "உங்கள் கையில் என்ன?" என்று கேட்டார். "உப்பும் மிளகாயும்" என்றேன், பெருமையாக வேறு. "சாப்பாட்டுப் பொருளை என் தலைக்கு மேலே கொண்டுபோனீர்கள்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எழுந்தார், நிர்மலாவிடம் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார், போய்விட்டார். கார் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"என்ன வேலையக்கா பாத்தீங்கள்!" நிர்மலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அவையளுக்குத் தலை எண்டா கோயில் மாதிரி. சாப்பாட்டுச் சாமான் தலைக்குக் கிட்டவே போகக் கூடாது. நான் ஒருக்கா லஞ்ச் பொக்ஸைத் தொப்பிக்கு மேல வைச்சதுக்கே, எடுத்துக் கீழ வைக்கச் சொன்னவ. நீங்க மிளகாயைக் கொண்டுபோய்த் தலையைச் சுத்தியே விட்டிட்டீங்கள்!"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்? நீங்க கண்ணூறு கழிக்கறது இல்லையா?"

"அது எங்கட பிள்ளையளுக்கு!"

நான் விடவில்லை. சுற்றியதை நெருப்பில் போடாமல் இருக்கக் கூடாதென்று அடுப்பைப் பற்றவைத்துப் போட்டேன். நெடி வராவிட்டால் கண்ணேறு இருந்தது என்று கணக்கு. வந்தது பாருங்கள் ஒரு நெடி! மூன்று பேரும் இருமுகிறோம், கண்ணில் தண்ணீர், கூரையில் இருந்த புகை அலாரம் ஊரையே கூட்டுகிறது. அன்ரன் நாற்காலியில் ஏறி அதை நிறுத்தினான். அங்கேயிருந்தே, ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னான்: "உங்கட கப்பித்தானும் தான் செய்தது சரியெண்டுதானே அக்கா நினைச்சிருப்பார்?"

அன்று பொழுது சாயும்வரை அவனோடு நான் பேசவில்லை. அவன் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம்.

மறுநாள் வேலை முடிந்து வந்த நிர்மலாவின் முகம் செத்திருந்தது. ஹினே வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லையாம். "எட்டு மணித்தியாலமும் பக்கத்தில நிண்டுகொண்டு கதைக்காம இருக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமோ? இந்த ஊரில எனக்கு எண்டு இருக்கிற ஒரே சினேகிதி அக்கா அவ" என்றாள். அதைக் கேட்டதும் என் புத்தகம் இரண்டாம் பட்சமாகிவிட்டது. புத்தகம் போனால் எனக்குப் போகும். இது நான் ஊருக்குப் போன பிறகும் இவள் சுமக்கிற சங்கடம்.

"நாளைக்கு உன் கடைக்கு வரேன்" என்றேன்.

"ஐயோ, வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும்."

"நாள் போச்சுன்னா நான் ஊர்ல இருப்பேன். அந்தக் கப்பித்தான் கப்பலைத் திருப்பாம போயிட்டே இருந்தான் பாரு, அப்படி ஆயிடும். நான் போய்ப் பாத்தே தீருவேன்."

நிர்மலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி வாங்கோ. ஆனா ஒண்டு. நீங்க டீச்சர். வாயைத் திறந்தா விளக்கம்தான் வரும். விளக்கம் சொல்லாதேங்கோ. மன்னிப்புக் கேட்டிட்டு வாயை மூடுங்கோ. சாப்பாட்டுச் சாமான் ஒண்டும் தூக்கிக்கொண்டு வராதேங்கோ."

யார் வீட்டுக்குப் போனாலும் பழமோ இனிப்போ இல்லாமல் போகாத ஜென்மம் நான். வெறுங்கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கிளம்பினேன். பாட்டனி டவுன்ஸுக்கு இங்கிருந்து பஸ் மாறி மாறிப் போக வேண்டும். இந்தத் தடவை பஸ் கண்ணில் தெரிவதற்கு முன்பே கையை நீட்டிவிட்டேன். வந்தது குப்பை லாரி. அந்த டிரைவரும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போனார். மாறுகிற இடத்தில் தவறான பஸ்ஸில் ஏறி, எதிர்த்திசையில் இரண்டு நிறுத்தம் போய், இறங்கி ஓடி, ஒருவழியாக வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணினேன்.

கடைகளுக்கு நடுவே சாப்பிட மேசை போட்டிருந்த கூடம். ஹினே காப்பியோடு தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே போய் நின்றேன். உட்காரவில்லை.

"உங்க தலைக்கு மேல சாப்பாட்டுப் பொருளைச் சுத்தினேன். அது தப்பு. என்னை மன்னிச்சுக்குங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஐயோ, அதுதான் கஷ்டம். கண்ணேறு என்றால் என்ன, எங்கள் ஊரில் யார் யாருக்குச் சுற்றுவோம், உப்பு எதற்கு, மிளகாய் எதற்கு, முழுப் பாடமும் நாக்கில் நின்று துடிக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"உட்காருங்கள்" என்றார் கடைசியில். "ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

கேட்டுவிட்டார் அல்லவா, சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன்.

"எல்லோருக்கும் செய்வீர்களா?"

"இல்லை. எங்க வீட்டு ஆளுங்களுக்குத்தான். பக்கத்து வீட்டுக் குழந்தைன்னாகூட அவங்க அம்மாவைக் கேட்டுட்டுத்தான் சுத்துவோம்."

"கேட்டுவிட்டுத்தான்" என்றார் அவர். "என்னை ஏன் கேட்கவில்லை?"

கேட்டு எழுத வேண்டும் என்று கடல் தாண்டி வந்தவளுக்கு, கேட்டுச் சுற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. "தோணலை" என்றேன்.

"சுற்றிய மிளகாயை என்ன செய்தீர்கள்?"

நெருப்பில் போட்டதையும், நெடியையும், இருமலையும், அலாரத்தையும் சொன்னேன். நெடி வந்தால் கண்ணேறே இல்லை என்று அர்த்தம் என்பதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"அப்படியானால் எனக்கு ஒன்றுமே இல்லையா? சும்மாவா சுற்றினீர்கள்?"

"சும்மாதான்."

ஹினே சிரித்தார். கூடமே திரும்பிப் பார்த்தது. தூரத்தில் கடை வாசலில் நின்ற நிர்மலா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் மாறியது. "எங்கள் தலைவர் எதனால் செத்தார் என்று உங்கள் பிரெஞ்சுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறது?"

"ஸ்கர்வி."

"தெரியும். உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்றுதான் கேட்டேன். கப்பல்காரர்கள் பிழைத்தது எங்கள் கீரையில். கீரை பறிக்கப் போகும்போதெல்லாம் அம்மா இதைச் சொல்வார்." காப்பிக் கோப்பையை ஓரமாகத் தள்ளிவைத்தார். "கப்பலில் உங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள் என்றீர்களே. அவர்களில் யாராவது அவரிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசினார்களா? ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார்களா?"

உள்ளதைச் சொல்கிறேன். "கொடுத்தார்கள்" என்று சொல்ல எனக்கு அப்படி ஓர் ஆசை வந்தது. எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தன், வீட்டை விட்டு இவ்வளவு தூரம் இழுத்துவரப்பட்டவன், இழுத்துவரப்பட்ட இன்னொருவர் பக்கத்தில் போய் உட்காராமல் இருந்திருப்பானா? தன் பங்குத் தண்ணீரில் ஒரு வாய் கொடுக்காமல் இருந்திருப்பானா? அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று என் மனசு அடித்துச் சொல்லியது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அத்தியாயம் கிடைத்துவிடும் என்றும் தோன்றியது. எதிரே அந்த முகம் காத்திருந்தது.

"தெரியாது" என்றேன். "எங்கயும் எழுதலை. நல்லா தேடினேன். கரை தூரமாப் போகப் போக அவர் அழுதார்னு இருக்கு. கப்பித்தான் மேசையில சாப்பிடவச்சாங்கன்னு இருக்கு. எங்க ஆளுங்க என்ன செஞ்சாங்கன்னு ஒரு வரி இல்லை. வேடிக்கை பாத்துட்டுக்கூட நின்னிருக்கலாம்."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை.

"கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தால் இப்போதே எழுந்து வேலைக்குப் போயிருப்பேன்" என்றார் ஹினே. "சனிக்கிழமை அம்மாவைப் பார்க்க வடக்கே போகிறேன். காரில் இடம் இருக்கிறது. பெரியவர்கள் முன்னால் நின்று உங்கள் மலையைச் சொல்லுங்கள், தண்ணீரைச் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார்கள்."

"சொல்லட்டும். நான் வரேன்."

அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தன் தலையைத் தானே கொண்டுவந்து என் நெற்றியில் நெற்றியும் மூக்கில் மூக்கும் படும்படி வைத்தார். அவர்களுடைய வணக்கம் அது. தட்டுகளோடு போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் மூச்சு என் முகத்தில் பட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த வணக்கத்தைப் பற்றி நான் படித்திருக்கிறேன். கப்பித்தான் கரையில் இறங்கிய அன்று அவரையும் இப்படித்தான் வரவேற்றார்கள்.